லண்டனிலிருந்து சிட்னி எவ்வளவு தூரம்?



எங்கள் குடும்பக் குழுவில் லண்டனில் இருக்கும் ஒரு பேரன் போன கிழமை ஒரு கேள்வி போட்டிருந்தான். "சிட்னிக்கு எத்தனை மணித்தியாலம்?" ஐந்து நிமிடத்தில் ஆறு பதில்கள் வந்தன. 20 என்றார் ஒருவர். 22 என்றார் இன்னொருவர். "சிங்கப்பூரில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதைப் பொறுத்தது" என்றார் மூன்றாமவர். எல்லாம் சரியான பதில்கள்தான். ஆனால் இந்தக் கேள்விக்கு 230 வருட வரலாறு ஒன்று இருக்கிறது. அந்தப் பதில்களுக்குக் கீழே எழுத இடம் போதாததால் இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவு. தேநீர் போட்டுக்கொண்டு வந்து இருந்து வாசியுங்கள்.

முதலில் தூரம். என்னிடம் புவியியல் படித்தவர்களுக்குப் பூகோள உருண்டையும் தையல் நூலும் ஞாபகம் இருக்கும். உருண்டையில் லண்டனில் ஒரு விரல், சிட்னியில் ஒரு விரல் வைத்து நூலை இறுக்கிப் பிடித்தால் அது போகும் வழிதான் மிகக் குறுகிய வழி. அளந்தால் ஏறத்தாழ 17,000 கிலோமீற்றர். நூல் எங்கே போகிறது என்று பாருங்கள். ரஷ்யாவுக்கு மேலாகச் சென்று, சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் பாதி வழியைத் தொட்டு, பிறகு தெற்கே இறங்குகிறது.

இப்போது அதே இரண்டு நகரங்களையும் சுவரில் தொங்கும் மெர்க்காட்டர் வரைபடத்தில் அடிமட்டம் வைத்து நேர்கோட்டால் இணையுங்கள். அந்தக் கோடு கேரளத்தின் கண்ணூர்ப் பக்கத்தால் உள்ளே வந்து, கொங்கு நாட்டைக் கடந்து, தொண்டிக் கடற்கரையைத் தாண்டி, இலங்கையின் வடபகுதியை வெட்டிக்கொண்டு போகும். பார்க்க அதுதான் நேர்வழி போலத் தெரியும். ஆனால் அது உருண்டையின் நூலைவிட 600 கிலோமீற்றருக்கு மேல் நீளமானது. உருண்டையைத் தட்டையாக்கினால் எங்கேயாவது பொய் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று வகுப்பில் சொல்வேனே, அது இதுதான்.

தூரம் அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை. மாறியது நேரம். அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

1787 மே 13 ஆம் திகதி இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து 11 கப்பல்கள் புறப்பட்டன. உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். பெரும்பாலானவர்கள் களவு போன்ற குற்றங்களுக்காக நாடு கடத்தப்பட்ட கைதிகள். தெனெரீஃப், ரியோ டி ஜெனீரோ, கேப் டவுன் என்று உலகத்தைச் சுற்றி, 1788 ஜனவரியில் பொட்டனி விரிகுடாவை அடைந்தார்கள். ஏறத்தாழ 250 நாட்கள். ஜனவரி 26 இல் சிட்னிக் குடாவுக்கு மாறினார்கள். அந்தக் கரை வெறும் கரையல்ல. கடிகல் மக்கள் காலங்காலமாக வாழ்ந்த மண். அடுத்த ஆண்டே பெரியம்மை நோய் அந்த மக்களை அள்ளிக்கொண்டு போனது. ஒருவருக்குத் தூரம் குறையும்போது இன்னொருவருக்கு என்ன நடக்கிறது என்பதையும் வரலாற்றில் பார்க்கவேண்டும்.

வந்தவர்களும் சுகமாக இருக்கவில்லை. இரண்டு வருடத்துக்கும் மேலாக இங்கிலாந்திலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. பங்கீடு குறைந்து பட்டினி வந்தது. உணவு கொண்டுவந்த கார்டியன் என்ற கப்பல் 1789 டிசெம்பரில் பனிப்பாறையில் மோதியது. 1790 ஜூனில்தான் அடுத்த கப்பல்கள் வந்தன. அந்த இரண்டாவது தொகுதியில் ஏற்றப்பட்ட கைதிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் வழியிலேயே இறந்துபோனார்கள். லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையிலான தூரத்தின் முதல் விலை அது.

பிறகு நீராவிக் கப்பல் வந்தது. 1869 இல் சூயஸ் கால்வாய் திறந்தது. மாதங்கள் கிழமைகளாகச் சுருங்கின. இந்த இடத்தில் எங்கள் நாடு கதைக்குள் வருகிறது. கொழும்புத் துறைமுகத்துக்கு அலைதாங்கி கட்டப்படுவதற்கு முன்னர் பெரிய கப்பல்கள் தங்கிய துறை காலி. ஐரோப்பாவிலிருந்து வரும் அவுஸ்திரேலியத் தபால் காலியில்தான் கப்பல் மாறியது. ஐரோப்பாவின் செய்திகள் தந்தி மூலம் காலிவரை வரும். அங்கிருந்து கப்பலில் ஏறி அவுஸ்திரேலியா போகும். அங்குள்ள பத்திரிகைகள் காலி வழியாக வந்த செய்தி என்று போட்டுத்தான் உலகச் செய்திகளை அச்சிட்டன.

1872 இல் அதற்கும் வேலை இல்லாமல் போனது. மதராசிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர், ஜாவா வழியாகக் கடலடித் தந்திக் கம்பி முந்தைய ஆண்டே டார்வினைத் தொட்டிருந்தது. அங்கிருந்து பாலைவனத்தைக் குறுக்கறுத்து அடிலெய்ட் வரை தரைவழித் தந்தி 1872 ஓகஸ்டில் இணைக்கப்பட்டது. லண்டனில் தட்டிய செய்தி மதராஸைக் கடந்து சில மணித்தியாலங்களில் அவுஸ்திரேலியா சேர்ந்தது. மனிதன் போக அப்போதும் ஆறு கிழமை வேண்டும். செய்திக்கு ஒரு தூரம், மனிதனுக்கு இன்னொரு தூரம் என்று ஆனது அன்றுதான். தாய் இறந்த செய்தி உடனே வரும், தாயின் முகத்தைப் பார்க்கப் போகமுடியாது. இந்த வேதனை கைத்தொலைபேசியோடு வந்தது என்று நினைக்கிறோம். அதற்கு 150 வயது.

இனி ஆகாயம். முதலாம் உலகப் போர் முடிந்ததும் 1919 இல் அவுஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸின் அரசு ஒரு பரிசு அறிவித்தது. இங்கிலாந்திலிருந்து 30 நாட்களுக்குள் பறந்துவரும் அவுஸ்திரேலியர்களுக்கு 10,000 பவுண். ஆறு குழுக்கள் புறப்பட்டன. ஒரு விமானம் புறப்பட்ட சில நிமிடங்களிலேயே லண்டனுக்குப் பக்கத்தில் விழுந்து இருவர் இறந்தனர். இன்னொன்று கிரேக்கத்தின் கோர்ஃபு தீவருகே கடலில் விழுந்து மேலும் இருவர் இறந்தனர். போய்ச் சேர்ந்தவை இரண்டே இரண்டு.

முதலில் சேர்ந்தவர்கள் ரொஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற அண்ணன் தம்பிகளும், ஜிம் பெனற், வோலி ஷியர்ஸ் என்ற இரண்டு இயந்திர வல்லுநர்களும். போருக்குக் குண்டு போடச் செய்த விக்கர்ஸ் விமி விமானம். மேலே கூரை இல்லை. மழையும் பனியும் நேரே முகத்தில் அடிக்கும். 1919 நவம்பர் 12 இல் லண்டனின் ஹவுன்ஸ்லோவில் புறப்பட்டார்கள். இன்று எங்கள் ஆட்கள் நிறைய வசிக்கும் அதே ஹவுன்ஸ்லோதான். கெய்ரோ, டமஸ்கஸ், பஸ்ரா, கராச்சி, டெல்லி, கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் என்று வந்தார்கள். கல்கத்தாவில் மேலெழும்பும்போது பருந்துகள் விமானத்தில் மோதின. ஜாவாவின் சுரபாயாவில் சக்கரங்கள் சேற்றில் புதைந்துவிட்டன. ஊர் மக்கள் மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து வரிசையாக விரித்துக் கொடுத்தார்கள். அந்தப் பாய்களின் மேல் ஓடித்தான் விமானம் எழும்பியது. டிசெம்பர் 10 இல் டார்வின். 27 நாளும் 20 மணித்தியாலமும். சுமார் 18,000 கிலோமீற்றர் தூரத்தில் ஆகாயத்தில் இருந்தது 135 மணித்தியாலங்கள்தான். மிகுதி எல்லாம் தரையில் இயந்திரம் பழுதுபார்த்ததும் எண்ணெய் ஊற்றியதும் சற்றுக் கண்ணயர்ந்ததும்.

அண்ணன் தம்பிகளுக்கு சேர் பட்டம் கிடைத்தது. பாய் கொண்டுவந்தவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. ரொஸ் ஸ்மித்தும் பெனற்றும் 1922 ஏப்ரலில் இங்கிலாந்தில் வேறொரு விமானத்தைப் பரீட்சிக்கும்போது விழுந்து இறந்தார்கள். அந்த விமி விமானம் இன்றும் அடிலெய்ட் விமான நிலையத்தில் இருக்கிறது. அங்கே இருக்கும் பிள்ளைகள் அடுத்தமுறை போகும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

1930 மே மாதம் ஏமி ஜோன்சன் என்ற 26 வயதுப் பெண் தனியாகச் சிறிய ஜிப்ஸி மோத் விமானத்தில் லண்டனின் குரோய்டனிலிருந்து டார்வினுக்குப் பறந்தாள். பத்தொன்பதரை நாட்கள். அந்த வழியைத் தனியே பறந்து முடித்த முதல் பெண் அவள்தான்.

1934 ஒக்டோபரில் இங்கிலாந்திலிருந்து மெல்பேணுக்கு ஒரு விமானப் போட்டி நடந்தது. வென்ற விமானம் 71 மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்தது. எனக்குப் பிடித்தது இரண்டாவதாக வந்ததன் கதை. அது கே.எல்.எம். நிறுவனத்தின் டக்ளஸ் டி.சி-2, பெயர் யூவர். பந்தய விமானம் அல்ல, பயணிகளை ஏற்றிக்கொண்டு வந்த சாதாரண விமானம். கடைசிக் கட்டத்தில் இரவில் புயலில் வழி தவறிவிட்டது. கீழே அல்பரி என்ற சிறிய ஊர். விமானச் சத்தத்தைக் கேட்ட ஊரவர்கள் தெருவிளக்குகள் முழுவதையும் அணைத்து ஏற்றி, ஊரின் பெயரை மோர்ஸ் குறியில் வானத்துக்குக் காட்டினார்கள். வானொலி அறிவிப்பாளர், "கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் குதிரைப் பந்தயத் திடலுக்கு வாருங்கள்" என்று அழைத்தார். வரிசையாக நின்ற கார்களின் முகப்பு வெளிச்சத்தில் விமானம் இறங்கியது. காலையில் ஊரே சேர்ந்து கயிறு கட்டி அதைச் சேற்றிலிருந்து இழுத்துவிட்டது. அந்தக் கதையை மகிழ்ச்சியோடு முடிக்க எனக்கு ஆசை. ஆனால் அதே டிசெம்பரில் அந்த யூவர் ஈராக் பாலைவனத்தில் விழுந்து, உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள்.

1935 இல் இம்பீரியல் ஏர்வேய்ஸும் குவான்டாஸும் சேர்ந்து லண்டன் - பிரிஸ்பேன் பயணிகள் சேவையைத் தொடங்கின. பன்னிரண்டரை நாட்கள். 1938 இல் பறக்கும் படகுகள் வந்தன. கடலிலும் ஏரியிலும் இறங்கி, இரவில் பயணிகள் விடுதியில் தூங்கி, காலையில் மீண்டும் பறந்து, பத்து நாளளவில் சிட்னி. பிறகு போர் வந்தது. 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. சங்கிலியின் நடுக் கண்ணி அறுந்துவிட்டது.

அதை மீண்டும் பொருத்திய இடம் எங்கள் கொக்கல. காலியிலிருந்து மாத்தறை போகும் வழியில் ஒரு களப்பு இருக்கிறதே, அதுதான். 1943 நடுப்பகுதி முதல் 1945 ஜூலை வரை குவான்டாஸின் கற்றலினா பறக்கும் படகுகள் மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த்திலிருந்து கொக்கலவுக்கு இந்து சமுத்திரத்தின் மேலாக ஒரே பறப்பில் வந்தன. சுமார் 5,600 கிலோமீற்றர். 28 முதல் 32 மணித்தியாலம். வழியில் ஜப்பானிய விமானங்களின் கண்காணிப்பு. ஆகவே வானொலியில் பேசக்கூடாது. எரிபொருள் முழுக்க நிரப்பியதால் அதிகம் போனால் மூன்று பயணிகளும் சிறிதளவு தபாலும்தான் ஏற்றலாம். புறப்பட்ட முதல் சில மணித்தியாலங்களில் ஓர் இயந்திரம் நின்றாலும் அந்தப் பாரத்தோடு கடலில்தான் விழவேண்டும். ஒரு பயணத்துக்குள்ளேயே இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்தார்கள். அதனால் பயணிகளுக்கு "இரட்டைச் சூரியோதயத்தின் இரகசிய அணி" என்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

வழி கண்டுபிடித்தது நட்சத்திரங்களைப் பார்த்து. ஆகவே ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களையே வைத்தார்கள். அல்ரயர், வேகா, ரைஜல், அன்ராரிஸ், ஸ்பைகா. இவை அந்நியப் பெயர்கள் என்று நினைக்கவேண்டாம். அல்ரயர் எங்கள் திருவோணம். வேகா அபிஜித். அன்ராரிஸ் கேட்டை. ஸ்பைகா சித்திரை. ரைஜல் மட்டும் எங்கள் நட்சத்திரப் பட்டியலில் இல்லை. ஆனாலும் திருவாதிரை இருக்கும் அதே ஓரியன் கூட்டத்தின் ஒளிமிகுந்த வெள்ளி அது. உங்கள் சாதகக் குறிப்பில் இருக்கும் நட்சத்திரங்கள்தான் அந்த இருட்டில் அவர்களுக்கு வழி காட்டின. 271 தடவை கடந்தார்கள். ஒரு விமானமும் தவறவில்லை. போர் முடிந்ததும் வேலை முடிந்தது என்று அந்தக் கற்றலினாக்களை ஆழ்கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்.

1947 டிசெம்பர் 1 ஆம் திகதி சிட்னியிலிருந்து குவான்டாஸின் லொக்கீட் கொன்ஸ்ரலேஷன் 29 பயணிகளுடனும் 11 பணியாளர்களுடனும் லண்டனுக்குப் புறப்பட்டது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி. நான்கு நாட்கள். கங்காரு வழி என்று பெயர் வைத்தார்கள். தாவித் தாவிப் போவதால் பொருத்தமான பெயர். போய்வரக் கட்டணம் 585 பவுண். ஒரு சாதாரணத் தொழிலாளியின் ஒரு வருடச் சம்பளத்துக்கும் மேல்.

இங்கே சற்று நில்லுங்கள். நான் இவ்வளவு எழுதியதும் இந்தப் பந்திக்காகத்தான். நான்கு நாளில் போகலாம் என்று ஆன அதே காலத்தில், பிரித்தானிய வெள்ளையர்கள் பத்து பவுண் மட்டும் கட்டி அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலில் குடிபெயர அந்த அரசு உதவியது. சூயஸ் வழியாக வந்த அந்தக் கப்பல்கள் கொழும்பில் நின்றுதான் போயின. துறைமுகத்தில் நின்று கையசைத்த எங்கள் ஆட்கள் அதில் ஏறமுடியாது. பணம் இல்லாததால் மட்டும் அல்ல. 1901 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் வெள்ளையர் அல்லாதாரைத் தடுத்தது. தேவையற்றவர் என்று நினைத்தால் அவருக்குத் தெரியாத ஐரோப்பிய மொழி ஒன்றில் சொல்வதெழுதுதல் வைத்துத் தோற்கடித்துத் திருப்பி அனுப்பலாம். நாற்பது வருடம் சொல்வதெழுதுதல் வைத்தவன் நான். எழுத்தைக் கற்பிக்க வைக்கும் சோதனையை மனிதரை விரட்ட வைத்தார்கள் என்று வாசித்தபோது மனம் பொறுக்கவில்லை. அந்தச் சோதனை 1958 இல் நீங்கியது. அந்தக் கொள்கை முழுவதும் ஒழிந்தது 1973 இல்.

ஆகவே தூரத்துக்கு மூன்று அளவுகள் உண்டு. கிலோமீற்றர் ஒன்று. மணித்தியாலம் இரண்டு. உன்னை உள்ளே விடுவார்களா என்பது மூன்று. முதலாவதை இயற்கை வைத்தது. இரண்டாவதைப் பொறியியலாளர்கள் குறைத்தார்கள். மூன்றாவது மனிதர் எழுதியது, ஆகையால் மனிதர்தான் அழிக்கவேண்டும். 1983 க்குப் பிறகு எங்கள் பிள்ளைகள் சிட்னியில் இறங்க முடிந்தது விமானம் வேகமாகப் பறந்ததால் மட்டும் அல்ல. பத்து வருடத்துக்கு முன்னரே அந்தக் கதவு திறந்திருந்ததால்தான்.

மிச்சக் கதை விரைவானது. 1959 இல் ஜெட் விமானங்கள் வந்தன, பயணம் இரண்டு நாளுக்குள் வந்தது. 1971 இல் குவான்டாஸுக்குப் பெரிய போயிங் 747 வந்தது, கட்டணம் சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டத் தொடங்கியது. 1989 ஓகஸ்ட் 17 இல் சிட்டி ஒஃப் கன்பரா என்ற 747-400 லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் நிற்காமல் 20 மணித்தியாலம் 9 நிமிடத்தில் பறந்தது. எரிபொருளை மிச்சப்படுத்த ஓடுபாதை வரை அதை இழுத்துக்கொண்டு போனார்கள். பயணிகளை ஏற்றினால் அந்தப் பாரத்தோடு அவ்வளவு தூரம் போகாது, ஆகவே உள்ளே இருபத்து சொச்சம் பேர்தான். 2018 மார்ச்சில் பேர்த் - லண்டன் நேரடிச் சேவை தொடங்கியது. 14,498 கிலோமீற்றர், சுமார் 17 மணித்தியாலம். 2019 நவம்பரில் லண்டன் - சிட்னிப் பரீட்சார்த்தப் பறப்பு 19 மணித்தியாலம் 19 நிமிடம். அதை வழக்கமான சேவையாக்க ஏர்பஸ் ஏ350 விமானங்களுக்குக் கட்டளை கொடுத்திருக்கிறார்கள். அந்தத் திட்டத்துக்கு வைத்த பெயர் சூரியோதயம். கொக்கலக் கற்றலினாக்களின் நினைவாக.

250 நாளை 20 மணித்தியாலத்தால் பிரித்துப் பாருங்கள். சரியாக 300 மடங்கு.

கணக்கு அவ்வளவுதான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியவில்லை. தமையன் ஹரோவிலும் தம்பி ஹோம்புஷிலும் இருந்துகொண்டு பன்னிரண்டு பதினைந்து வருடமாக நேரில் காணாத வீடுகள் எங்கள் ஊரிலேயே எத்தனையோ உண்டு. ஒருவருக்கு லீவு இல்லை. மற்றவருக்கு வீட்டுக் கடன். பிள்ளைகளுக்குச் சோதனை. எல்லாம் உண்மையான காரணங்கள், நான் குறை சொல்லவில்லை. செத்தவீட்டை வீடியோவில் பார்த்து அழுதவர்களின் வலி எனக்கும் தெரியும். ஆனால் ஏழு பேர் பாலைவனத்தில் மாண்டும், ஊரார் பாய் விரித்தும், முகம் தெரியாத பலர் சட்டத்தோடு போராடியும் குறைத்துத் தந்த தூரம் இது. இன்னும் குறைக்கக் கிடப்பது எங்கள் பக்கத்துப் பங்குதான். முடிந்தவர்கள், முடிந்த காலத்தில், கல்யாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ காரணம் தேடாமல் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கப்பலிலோ, இரண்டு மூன்று இடத்தில் இறங்கி ஏறிய அந்தக் கால விமானத்திலோ இந்த வழியைக் கடந்தவர்கள் உங்கள் வீடுகளில் இருந்தால், அவர்களிடம் கேட்டு எந்த ஆண்டு, எத்தனை நாள், எங்கெங்கே நின்றது என்று கீழே எழுதுங்கள். புத்தகத்தில் இல்லாத வரலாறு அவர்களிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் மாஸ்ரர்